உப்பைத் தின்றவன்

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். தப்புச் செய்தவனைப் பார்த்துச் சொல்லும் பழமொழி அது. நான் அதை வேறு அர்த்தத்தில் சொல்லிக்கொள்வேன். எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக உப்பைத்தான் தின்றது. அப்பா தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் தொழிலாளி. அம்மா அதே அளத்தில் உப்புப் பெட்டி சுமந்தவள். நான் பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, உப்பை மூலப்பொருளாகக் கொண்ட ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் 36 வருஷம் வேலை பார்த்து 2007-ல் ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு 76 வயது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். சோறு போட்ட பொருளைச் சோற்றில் போடாதே என்கிறார். வேடிக்கைதான்.

நம்மில் பலருக்கு உப்பு என்றால் சமையலறை ஜாடி மட்டும்தான் நினைவுக்கு வரும். புது வீட்டுக்குப் போனால் முதலில் உப்பும் மஞ்சளும்தான் உள்ளே போக வேண்டும். விளக்கு வைத்த பிறகு உப்புக் கடன் கொடுக்கக் கூடாது. திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும். 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்றுதான் நம்மை வளர்த்தார்கள். சங்க காலத்தில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் மாட்டு வண்டிகளில் உப்பை ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றினார்கள் என்று படித்திருக்கிறோம். இத்தனை மரியாதைக்குரிய பொருள் எங்கிருந்து வருகிறது, யார் கையால் வருகிறது, எங்கெல்லாம் போகிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் எழுதிவைக்கிறேன்.

கடல் நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைத்தால் உப்பு கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கிடைப்பது கசக்கும். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புகள் இருக்கின்றன. அதில் பெரும்பகுதி நம் சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு. கூடவே கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளும் கலந்திருக்கும். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதுதான் உப்பளத்து வித்தை.

அந்தப் பிரிப்பை வெயிலும் காற்றும் செய்யும். மனிதன் சமயம் பார்த்து நீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நீரின் அடர்த்தியைப் போமே டிகிரியில் அளப்பார்கள். கடல் நீர் ஏறத்தாழ 3 டிகிரி. தூத்துக்குடியில் பல அளங்களில் ஆழ்துளைக் கிணற்று உவர்நீரையே இறைக்கிறார்கள். முதலில் பெரிய தேக்கங்களில் விட்டு வற்றவைப்பார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்து அடியில் படியும். டிகிரி ஏற ஏற ஜிப்சம் படியும். 25 டிகிரியை நெருங்கும்போது நீரைக் கடைசிப் பாத்திகளுக்கு விட வேண்டும். அங்கேதான் உப்பு பூக்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போக விடக் கூடாது. அதற்கு மேல் மக்னீசியம் உப்புகள் சேர்ந்துகொள்ளும். மிஞ்சிய கசப்பு நீரை வெளியே வடித்துவிட வேண்டும்.

அளத்து ஆபீசில் ஹைட்ரோமீட்டர் இருந்தது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. நீரின் நிறத்தைப் பார்ப்பார். நன்றாக முற்றிய உவர்நீர் லேசாகச் செம்மை தட்டும். அந்த உப்பிலும் உயிர் வாழும் நுண்ணுயிர்கள் தரும் நிறம் அது என்று பிற்பாடு நான் புத்தகத்தில் படித்தேன். அப்பாவுக்கு அந்த விவரம் தேவைப்படவில்லை. இரண்டு விரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பார், வழுவழுப்பில் கண்டுபிடித்துவிடுவார். "கசப்புத் தண்ணிய வடிக்காம வாருனா உப்பு அழுவும்ல" என்பார். மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதைத்தான் அழுகை என்றார். மழைக்காலத்தில் ஜாடியில் உப்பு நசநசத்து நம் வீட்டுப் பெண்கள் நாலு அரிசியைப் போட்டுவைப்பார்களே, அந்த அழுகைதான்.

உப்பு வாருவதற்கு முன்னால் பாத்தியைத் தயார் செய்ய வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் சேறாகக் கிடக்கும் தரையைக் காலால் மிதித்து மிதித்துச் சிமெண்ட் தளம்போல இறுக்குவார்கள். அதைப் பாத்தி மிதிப்பது என்போம். பிறகு தை மாசியில் தொடங்கி ஐப்பசி மழை வரும்வரை உப்பு எடுப்பார்கள். நீண்ட மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பது பெரும்பாலும் ஆண்கள். அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவது பெரும்பாலும் பெண்கள். அம்மா விடியுமுன் போய்விடுவாள். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியிலிருந்து அடிக்கும் கூச்சம் கண்ணைப் பறித்துவிடும். காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் போதும், உப்பு நீர் பட்டு ஆறவே ஆறாது. கையில் வெடிப்பு, காலில் வெடிப்பு. இரவில் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ணித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடந்த காலம் அது. இந்த வாழ்க்கையைத்தான் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' என்ற நாவலில் எழுதினார். தூத்துக்குடி உப்பளங்களுக்கு நேரில் வந்து, தொழிலாளிகளோடு பேசி எழுதியது. நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள்.

உப்பைப் பற்றிப் பேசும்போது 1930-ஐ விட்டுவிட முடியாது. காந்திஜி தண்டியில் உப்பெடுத்த அதே மாதம், ஏப்ரல் 13-ம் தேதி, ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். நூற்றைம்பது மைல். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியதால், வழியிலிருந்த மக்கள் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டிவிட்டு விலகிக்கொண்டார்கள். ஏப்ரல் 30-ம் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். 1947-ல் சுதந்திரத்துக்குச் சற்று முன்பே உப்பு வரி நீங்கியது. "வரி போச்சு. பெட்டியோட கனம் போவலியே" என்று எங்கள் ஆச்சி சொல்வாள். அவளும் அளத்துக்காரிதான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். 1971-ல் நான் ஆலையில் சேர்ந்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "அவ்வளவு உப்பை வாங்கி என்னல செய்யுதானுவ? ஊருக்கே ஊறுகா போடுதானுவளா?" என்பதுதான். நியாயமான கேள்வி. நம் நாட்டில் மனிதர்கள் சாப்பிடும் உப்பைவிட ஆலைகள் சாப்பிடும் உப்பு அதிகம். உப்பு உற்பத்தியில் சீனா, அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியாதான். நம் நாட்டில் பெரும்பகுதி குஜராத்தில் விளைகிறது, அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு.

அப்பாவுக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்கிறேன். உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் மூன்று பொருள்கள் கிடைக்கும். ஒரு பக்கம் குளோரின் வாயு. இன்னொரு பக்கம் ஹைட்ரஜன் வாயுவும் காஸ்டிக் சோடாவும். ஒரு டன் காஸ்டிக் சோடா எடுக்க ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பு வேண்டும், கூடவே 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு டன்னோடு 880 கிலோவுக்கு மேல் குளோரினும், 25 கிலோ ஹைட்ரஜனும் வந்துசேரும். தனித்தனியே பார்த்தால் காஸ்டிக் சோடா தோலை அரிக்கும், குளோரின் மூச்சை அடைக்கும். இவை இரண்டையும் தரும் உப்பை மட்டும் நாம் ரசத்தில் போட்டுக் குடிக்கிறோம். வேதியியல் படிக்கத் தொடங்கிய நாளில் என்னை அசரவைத்த விஷயம் இது. இன்றும் அந்த வியப்பு தீரவில்லை.

இவை எங்கே போகின்றன? உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குளிக்கிற சோப்பு காஸ்டிக் சோடாவால் ஆனது. அலுமினியப் பாத்திரத்துக்கான அலுமினாவைத் தாதுவிலிருந்து பிரிப்பதும் அதுதான். காகித ஆலைக்கும் அது வேண்டும். குளோரின் குடிநீர்த் தொட்டிக்குப் போகிறது, குழாய்க்கான பி.வி.சி.க்குப் போகிறது, மருந்துகளுக்கும் பூச்சிக்கொல்லிகளுக்கும் போகிறது. உப்போடு சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்து, அம்மோனியா உதவியோடு, சால்வே முறையில் சோடா ஆஷ் செய்கிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கும் துணி துவைக்கும் தூளுக்கும் அது வேண்டும்.

என் ஆய்வுக்கூட வேலை, ஆலைக்கு வரும் உப்பில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு மக்னீசியம் என்று பார்ப்பது. நான் சேர்ந்தபோது பாதரச செல்கள் இருந்தன. பாதரசம் மண்ணையும் நீரையும் கெடுக்கும் என்பதால் நாடு முழுவதும் படிப்படியாக அதைக் கைவிட்டு மெம்பிரேன் முறைக்கு மாறினார்கள். அந்த மெம்பிரேன் மெல்லிய துணிபோல இருக்கும், விலையோ மிக அதிகம். உப்பு நீரில் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து நூறு கோடியில் இருபது பங்கைத் தாண்டினால் அது பாழாகத் தொடங்கிவிடும். அதனால் உப்பு நீரைச் சோடா ஆஷும் காஸ்டிக்கும் போட்டுத் தெளியவைத்து, வடிகட்டி, பிசின் நிரப்பிய தொட்டிகள் வழியாக அனுப்பி, அதன் பிறகுதான் செல்லுக்குள் விடுவோம்.

சில அளத்து உப்பு வந்தால் எங்களுக்கு வேலை மிச்சம், சில அளத்து உப்பு வந்தால் ரசாயனச் செலவு இரட்டிப்பு. கசப்பு நீரைச் சமயத்தில் வடித்து வாரினார்களா இல்லையா என்பதுதான் வித்தியாசம். இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்த ஒரு தொழிலாளியின் நிதானம், நூறு மைலுக்கு அப்பால் ஒரு ஆலையின் லாப நஷ்டக் கணக்கில் வந்து நிற்கும். உப்பின் தரத்துக்கு ஏற்ற விலையை ஆலைகள் கொடுத்தன. அந்த விலையில் ஒரு பைசாகூடப் பாத்தியில் நின்ற கால்களுக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் உப்பிட்டவர்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

உப்பு செய்யும் கெடுதலையும் சொல்லிவிட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஊர்களில், பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பைத் தடவுவார்கள். ஆலையில் அந்த உப்பைக் கழுவி எடுத்தால் அது எங்கே போகும்? பாலாற்றங்கரைக் கிணறுகளுக்குத்தான் போனது. திருப்பூரில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போதும் உப்பு வேண்டும். தண்ணீரில் துணியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளும், உப்பு இடையே புகுந்து சமாதானம் செய்துவைக்கும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு நீரிலேயே தங்கிவிடும். நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகே கழிவு நீரை வெளியே விடாத முறை இறுகியது. நெருப்பு எரித்தால் சாம்பல் மிஞ்சும், உரமாகும். நிலத்தில் இறங்கிய உப்பை என்ன செய்வது? விளைநிலம் அதை மன்னிப்பதே இல்லை.

மகளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது இன்னொன்றையும் கண்டேன். பனிக்காலத்தில் லாரியில் கல்லுப்பைக் கொண்டுவந்து சாலையெங்கும் தூவுகிறார்கள். உப்பு கலந்தால் தண்ணீர் உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும், அதனால் சாலையில் பனிக்கட்டி இறுகாது. நம் ஊர்த் திருவிழாவில் ஐஸ்கட்டியோடு உப்பைப் போட்டு, மர வாளியைச் சுற்றிச் சுற்றி ஐஸ்கிரீம் செய்வார்களே, அதே தத்துவம்தான். கார்களின் அடிப்பாகம் துருப்பிடிக்கிறது என்று மாப்பிள்ளை அலுத்துக்கொண்டார். எனக்கு வேறு நினைப்பு. அம்மா தலையில் சுமந்தது போல எத்தனை பெட்டி இந்தத் தெருவில் கொட்டிக் கிடக்கும் என்று என்னை அறியாமல் கணக்குப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றேன்.

இனிச் சொல்லப்போவது, நான் இதுவரை எங்கும் எழுதாதது.

எனக்கு ஒரு தங்கை இருந்தாள். 1957 கோடையில் அவளுக்கு ஒன்றரை வயது. எனக்கு எட்டு. எங்கள் குடிசையிலிருந்து பார்த்தால் உப்பு அம்பாரங்கள் வெள்ளைக் கோயில்கள்போல வரிசையாகத் தெரியும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஆச்சியும் நம்பினாள். பிள்ளை நாக்கை நீட்டி நீட்டி அழுதது. பிறகு அழவும் தெம்பில்லை. கண் உள்ளே போய்விட்டது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் மறுநாள் காலை ஆகிவிட்டது. அதற்குள் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அம்மா வேலைக்குப் போனாள். போகாவிட்டால் கூலி இல்லை.

வயிற்றுப்போக்கில் பிள்ளைகள் சாவது பெரும்பாலும் உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். வெறும் நீரைக் கொடுத்தால் குடல் சரியாக வாங்காது. நீரோடு உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்தால், சர்க்கரை உப்பைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும், உப்பின் பின்னால் நீரும் போகும். விஞ்ஞானிகள் இதைத் தெளிவாகக் கண்டது 1960-களில். 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் சர்க்கரையையும் சோடா உப்பையும் கலந்து நீரில் கரைத்து, வந்தவர்களின் சொந்தக்காரர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் நான்கு பேருக்கும் குறைவாக இறந்தார்கள். இன்று மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைப்பது அந்தக் கரைசலின் வாரிசுதான்.

1981-ல் என் மகனுக்கு இரண்டு வயது. அதே வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். என் மனைவி இரவு முழுக்கக் கொடுத்தாள். விடியும்போது பிள்ளை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டான். அம்மா எங்களோடுதான் இருந்தாள். அந்தக் காலிப் பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல என்னய்யா இருக்கு?" என்றாள்.

"உப்பும் சீனி மாதிரி ஒண்ணும்மா. கூட ரெண்டு சாமான் கொஞ்சம்."

"உப்பா?"

"ஆமாம்மா."

"உப்பும் சீனியுமா? இம்புட்டுதானா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அவள் பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். 1986-ல் அவள் இறந்த பிறகு அவளுடைய தகரப் பெட்டியில் அது இருந்தது.

அதனால் பேரன் பேத்தி உள்ளவர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கைக்கு எட்டாத நேரத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது, அது ஆபத்து. கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

உப்பு இன்னொரு பெரிய காரியமும் செய்தது. அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும், கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். 1956 முதல் இமாசலத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர், உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறைகிறது என்று நிரூபித்தார்கள். ஏழையும் பணக்காரனும் தினம் தவறாமல், ஏறத்தாழ ஒரே அளவில் சாப்பிடும் பொருள் உப்பு ஒன்றுதான், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006 முதல் சாப்பாட்டுக்கு விற்கும் உப்பில் அயோடின் கட்டாயம். ஈரமும் வெயிலும் பட்டால் அயோடின் போய்விடும், அடுப்பு மேடையில் திறந்து வைக்காமல் மூடி வைப்பது நல்லது. இப்போது பலர் இந்துப்பு நல்லது, இளஞ்சிவப்பு உப்பு நல்லது என்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். நிறம் இரும்புத் துருவால் வருவது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அதே சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்துக்கு நிறம் தெரியாது.

கடைசியில் டாக்டர் சொன்னதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது. ஒரு டீஸ்பூன் அளவு. நாம் ஏறத்தாழ இரண்டு மடங்கு சாப்பிடுகிறோம். உப்பளத்தில் நாள் முழுக்க வேர்வை சிந்தியவருக்கு உப்பு உடம்பிலிருந்து போனது. அப்பா கஞ்சிக்குக் கருவாடும் ஊறுகாயும் தொட்டுக்கொண்டார், பலகை பிடித்தார், அவருக்குச் சரி. நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறேன், எனக்கு எதற்கு அந்தக் கருவாடு? சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு அப்பளம், வடகம், மோர்மிளகாய், மிக்சர் என்று பின்வாசல் வழியாக உப்பை உள்ளே விடுவதுதான் நம் வயதுக்காரர்களின் வழக்கம். என் மனைவி இப்போது சாம்பாரைத் தொடவில்லை, அப்பளத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டாள். எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் கூடியிருக்கின்றன. நாக்கு முதல் பத்து நாள் சண்டை போட்டது, பிறகு பழகிவிட்டது.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் வருகிறது. அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சீனாவின் கிராமங்களில் செய்து 2021-ல் வெளியான பெரிய ஆய்வில், அப்படிப்பட்ட உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. பொட்டாசியம் உடம்பில் தங்கினால் இதயத்துக்கு ஆபத்து.

2023 டிசம்பர் வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. எங்கள் பக்கத்து அளங்களில் அம்பாரம் அம்பாரமாக உப்பு கரைந்து போனது, வரப்பு இருந்த இடம் தெரியவில்லை. உப்புக்காரனுக்கு மழை என்றால் நஷ்டம் மட்டுமல்ல, மூன்று நான்கு மாதம் வேலையே இல்லை. மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஒரு குடும்பத்துக்கு அது எத்தனை நாள் வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

என் சித்தப்பா மகன் இன்னும் அளத்தில்தான் இருக்கிறான். எனக்கு இளையவன், அறுபதைத் தாண்டிவிட்டான். "பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரலையாடா?" என்று போன தடவை கேட்டேன். "வராதுண்ணே, வரவும் வேண்டாம். டிகிரி பார்க்க இப்பம் மெசினு இருக்கு. பாத்தி மிதிக்கத்தான் ஆள் இல்ல" என்றான். நேற்று போனில் கூப்பிட்டான். மழைத் தண்ணீர் வடிந்துவிட்டதாம். பொங்கல் கழிந்ததும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு மிதிக்க இறங்குகிறார்களாம். குதிகால் வெடிப்புக்கு ஏதாவது நல்ல களிம்பு இருந்தால் வாங்கி அனுப்பச் சொன்னான்.

நாளைக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டும்.